நெடி அடங்கிய பிறகும் கண் எரிவது ஏன்?

கேள்வி: ஏழு வாரங்களுக்கு முன் எங்கள் படுக்கையறையை முழுவதுமாக மாற்றினோம். சுவர் நீளத்துக்கு எம்.டி.எஃப் அலமாரி, புதுக் கட்டில், ஃபோம் மெத்தை, சுருக்கம் விழாத திரைச்சீலைகள். மெத்தையின் நெடி முதலில் தாங்க முடியவில்லை. பத்து நாளில் போய்விட்டது. ஆனால் இப்போதும் காலையில் எழுந்தால் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. நான்கு வயது மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். இப்போது தினமும் இரவில் இருமுகிறான். இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது வீட்டில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இணையத்தில் வாங்கிய சிறு கருவி ஃபார்மால்டிஹைடு 0.30 என்று காட்டியது; ஒருநாள் திடீரென 1.4க்குத் தாவியது. பயந்துபோய் ஓசோன் வெளிவிடும் சுத்திகரிப்பான் ஒன்றும் தொட்டிச்செடிகளும் வாங்கி வைத்தோம். மெத்தையைத் தூக்கி எறிந்துவிடலாமா? குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமா? ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மெத்தையை எறிய வேண்டாம். ஓசோன் கருவியை மட்டும் இதைப் படிக்கும்போதே பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

கட்டடங்களின் உள்காற்றை அளந்து சொல்வது என் தொழில். புதுச் சாமான் வந்த வீடுகளில் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது மெத்தையைத்தான். காரணம், அது நாறுகிறது. பாலியூரித்தேன் ஃபோமை அமுக்கிச் சுருட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். தயாரிப்பின்போது மிஞ்சிய வேதிப்பொருள்கள் உள்ளேயே தங்கி, உறையைக் கிழித்ததும் ஒரே மூச்சில் வெளியே வருகின்றன. தலைவலி வருவது உண்மைதான். ஆனால் இவை எளிதில் ஆவியாகும் சரக்கு; வரும் வேகத்திலேயே தீர்ந்தும் போகும். சில நாள்கள், மிஞ்சினால் சில வாரங்கள். உங்கள் மெத்தை தன் பங்கை முடித்துவிட்டது.

நெடி போன பிறகும் கண் எரிகிறது என்றால் என் கை நீளுவது அலமாரியை நோக்கி. மரத்தூளையும் மரநாரையும் பசை கலந்து சூட்டில் அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் கிடைக்கின்றன. எம்.டி.எஃப் பலகையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பசை. மலிவும் உறுதியும் சேர்ந்த யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின்தான் அதில் வழக்கம். அதிலிருந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுவான ஃபார்மால்டிஹைடு இரண்டு கட்டமாக வெளியேறுகிறது. பசையில் சேராமல் தனியாக நின்ற மிச்சம் முதல் சில வாரங்களில் போய்விடும். அதன் பிறகு வருவதுதான் நீண்ட கதை: காற்றிலுள்ள ஈரம் அந்தப் பிசினையே மெல்ல மெல்ல உடைக்கிறது. உடையும்போதெல்லாம் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு பிரிகிறது. இது மாதக்கணக்கில், சில பலகைகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கும். அளவு சிறியது, அதனால் மூக்குக்கு அது பழகிப்போகிறது. கண்ணுக்கும் தொண்டைக்கும் அப்படிப் பழகுவதில்லை.

எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு எல்லோரும் அறிந்த ஒரு சாட்சி உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அடித்தபோது அமெரிக்க அரசு வீடிழந்தவர்களுக்கு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சுவர், தரை, அலமாரி எல்லாம் அழுத்தப்பலகை. குடியிருந்தவர்கள் கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்களில் காற்றை அளந்தது. சூறாவளி போய் இரண்டு ஆண்டுக்கு மேல், அதுவும் குளிர்காலம். அப்போதும் சராசரி 77 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு. மோசமான ஒன்றில் 590 பிபிபி. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரியாக. பிபிபி கணக்கில் அது ஏறக்குறைய 80. சராசரி டிரெய்லர் வரம்பின் ஓரத்தில் நின்றது, மோசமானது அதை ஏழு மடங்கு தாண்டியது.

"பலகைக்கு ஈ1 சான்றிதழ் இருக்கிறதே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பொய்யாக இருக்காது. ஆனால் அந்தச் சான்றிதழ் எப்படி வாங்கப்படுகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய முறையில் 23 டிகிரி வெப்பம், 45 சதவீத ஈரப்பதம் உள்ள சோதனை அறைக்குள் பலகையை வைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகை, மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறும்படி ஓட்டம். இந்த நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் ஈ1. சோதனையில் தேறினாலே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குச் சற்று மேலே போக இடமிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் அறை. மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் என்று அலமாரியை வைத்துக்கொண்டால், கதவு, தடுப்பு, தட்டு, முதுகுப்பலகை எல்லாவற்றின் இரு முகங்களையும் கூட்டும்போது 50 சதுர மீட்டரைத் தொடும். நடுத்தரப் படுக்கையறையின் கொள்ளளவு 35 கன மீட்டர்தான். ஜன்னலைச் சாத்திப் படுத்தால் மணிக்கு ஒருமுறை எங்கே, இரவு முழுக்க இரண்டு மூன்று தடவை காற்று மாறினாலே அதிகம். பகலெல்லாம் பூட்டிக் கிடந்து சூடேறும் அறை என்றால் இன்னும் மோசம். வெப்பம் ஆறேழு டிகிரி கூடினால் ஃபார்மால்டிஹைடு வெளியேறுவது ஏறக்குறைய இரட்டிக்கும். ஈரப்பதம் கூடினாலும் ஏறும். பலகை நல்ல பலகையாகவே இருக்கலாம். அளவுக்கு மீறிய பலகையும் அடைத்த அறையும் சேர்ந்ததுதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்ட் முதல் மரச்சாமான்களுக்கான வரம்பைப் பாதியாக, 0.062ஆகக் குறைக்கிறது. ஜப்பான் 2003லேயே கட்டடச் சட்டத்தைத் திருத்தி, பலகைகளுக்கு நட்சத்திரத் தரம் வகுத்ததோடு, புது வீடுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறும்படி நாள் முழுக்க ஓடும் இயந்திரக் காற்றோட்டத்தையும் கட்டாயமாக்கியது. பலகையை மட்டும் திருத்தினால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி கருவியின் எண் அல்ல, "வெளியூர் போயிருந்தபோது தொந்தரவு இல்லை" என்பது. வீட்டில் வந்து, வெளியே போனால் விலகும் தொந்தரவு என்றால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அது அலமாரிதான் என்று அந்த வரி மட்டும் நிரூபிக்காது. அலமாரியின் பின்னால் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தாலும் இதே கதைதான். அதனால் ஒரு சின்னச் சோதனை: நான்கைந்து இரவு மூவரும் வேறு அறையில் படுங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தி, அதன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண் எரிச்சல் அடங்கினால் காரணம் அந்த அறைக்குள். அடங்காவிட்டால் வேறிடம் தேட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் கிறுகிறுப்பும் வந்து, வெளியே போனதும் சரியாகிறது என்றால், புதுச் சாமானை விட்டுவிட்டு எரிவாயு கெய்சரையும் அடுப்பையும் ஹீட்டரையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நெடியே கிடையாது. அது ஒரே இரவில் உயிரைக் குடிக்கும். நீங்கள் சொல்லும் கண் எரிச்சலும் கரகரப்பும் அதன் அடையாளம் அல்ல. ஆனாலும் எரியும் கருவி வீட்டுக்குள் இருந்தால் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவது நல்லது.

கருவிக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் இதுபோன்ற சிறு கருவிகளின் சென்சார் ஃபார்மால்டிஹைடை மட்டும் தனியாக அடையாளம் காணாது. கை சுத்திகரிப்பான், வாசனைத் திரவியம், நெயில் பாலிஷ் ரிமூவர், எதன் ஆவி பட்டாலும் எண் துள்ளும். 1.4 காட்டிய நேரத்தில் பக்கத்தில் யாராவது கையில் சானிட்டைசர் தேய்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கூடுகிறதா, ஜன்னல் திறந்தால் குறைகிறதா என்று போக்குப் பார்க்க அது உதவும். எண்ணை நம்பி அலமாரியை உடைக்க உதவாது. சரியான அளவு வேண்டுமென்றால் டி.என்.பி.எச் என்ற வேதிப்பொருள் பூசிய மாதிரிக்குழாயை அறையில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் கேட்கும்போது, ஆவியாகும் கரிமப்பொருள்களின் மொத்த அளவைச் சொல்லும் "டி.வி.ஓ.சி" சோதனையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், வழக்கமான அந்தச் சோதனையில் ஃபார்மால்டிஹைடு சிக்காது. இது தெரியாமல் "எல்லாம் சரி" என்ற அறிக்கையோடு நிம்மதியாகத் திரும்புபவர்கள் நிறைய.

சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். செய்ய வேண்டியது எப்படியும் ஒன்றுதான். அறையில் ஆளில்லாத நேரத்தில் அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு ஜன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் அறைக்கதவைத் திறந்து, வீட்டின் மறுபக்கத்தில் இன்னொன்றைத் திறக்க வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழி, போக ஒரு வழி. படுக்கப் போகும்போது அலமாரியை இறுக மூடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பகலில் பூட்டி வைத்து, இரவில் துணி எடுக்கத் திறந்தபடியே தூங்குவது.

ஏசி பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். சுவரில் மாட்டும் வழக்கமான ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெப்பமும் ஈரமும் குறைவதால் பலகையிலிருந்து வெளியேறுவது குறையும், அந்தளவுக்கு நல்லது. வெளியேறிய ஃபார்மால்டிஹைடு போக வழியில்லை என்பது அதன் மறுபக்கம். ஏசி ஓடினாலும் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். மின்கட்டணம் கூடும். சில மாதத்துக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்பேன்.

அடுத்தது தச்சரை அழைத்துச் செய்ய வேண்டிய வேலை. என் கணக்கில் இதுதான் பெரிய பலன். லாமினேட் ஒட்டிய முகம் வாயுவைப் பெருமளவு அடைத்துவிடும். ஒழுகுவது ஒட்டாத இடங்களில்: சுவரைப் பார்க்கும் முதுகுப்பலகை, தட்டுகளின் பின்விளிம்பு, இழுப்பறையின் அடி, கீல் பதிக்கத் தோண்டிய குழி, தட்டை ஏற்றி இறக்கப் போட்ட துளை வரிசை. டார்ச் அடித்துப் பாருங்கள், எதுவும் ஒட்டாத வெறும் பலகை பழுப்பு நிறத்தில் தெரியும். விளிம்புகளுக்கு எட்ஜ் பேண்டு, பரப்புகளுக்கு லாமினேட் அல்லது நீர் சார்ந்த சீலர் இரண்டு மூன்று கோட்டு, துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி. மெலமைன் பாலிஷ் அடித்துத் தருகிறேன் என்று தச்சர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமிலம் கலந்து இறுகவைக்கும் அந்த பாலிஷிலும் ஃபார்மால்டிஹைடு பிசின்தான் இருக்கிறது. தேக்கு, ரோஸ்வுட் என்று அசல் மரத்தில் சாமான் செய்தவர்களும் இந்த பாலிஷால் ஏமாந்துபோவதுண்டு. வேலை நடக்கும் நாள்களிலும் அதற்கடுத்த சில நாள்களிலும் நீங்களும் மகனும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து மாட்டுங்கள். சுருக்கம் விழாமல் இருக்கப் பூசும் பிசினிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஒன்றிரண்டு தடவை துவைத்தால் மிஞ்சியதில் பெரும்பங்கு போய்விடும். அலமாரிக்குள் இருக்கும் மகனின் துணிகளும் வாயுவை ஊறிக்கொண்டிருக்கும். அவற்றை இப்போதைக்கு வேறிடத்தில் வையுங்கள்.

நீங்கள் வாங்கிய இரண்டில் செடிகளுக்கு நான் எதிரியல்ல. 1989இல் நாசாவின் ஆய்வு ஒன்றில் செடிகள் ஃபார்மால்டிஹைடை ஈர்த்தது உண்மை. ஆனால் அது மூடிய சிறு பெட்டிக்குள். 2019இல் வந்த ஒரு மறுஆய்வு பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டுமாம். கட்டிலை எங்கே போடுவது? அழகுக்கு இரண்டு தொட்டி இருக்கட்டும்.

ஓசோன் கருவி அப்படியல்ல. ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல் தருவது; வீசிங் உள்ள பையன் தூங்கும் அறையில் அதற்கு இடமே இல்லை. எலுமிச்சை, பைன் மணம் தரும் ஸ்பிரேக்களிலும் துடைப்பான் திரவங்களிலும் உள்ள டெர்பீன்களோடு அது சேர்ந்தால் புதிதாக ஃபார்மால்டிஹைடை உண்டாக்குகிறது. எதை விரட்ட வாங்கினீர்களோ அதையே அது செய்து தருகிறது. திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு ஹெப்பா வடிகட்டியுள்ள சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அது தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரணக் கரித்தூள் வடிகட்டி பல ஆவிகளைப் பிடித்தாலும் ஃபார்மால்டிஹைடில் பலவீனமானது. அதற்கென்று பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவை ஏற்றிய வடிகட்டி வேண்டும், அதுவும் கிலோக்கணக்கில். அந்தப் பணத்தைத் தச்சருக்குக் கொடுங்கள்.

புற்றுநோய் பற்றிய உங்கள் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதற்கு ஆதாரமாக இருந்தவர்கள் பிசின் ஆலைகளிலும் பிணப் பதப்படுத்தும் இடங்களிலும் ஆண்டுக்கணக்கில் அதிக அளவைச் சுவாசித்த தொழிலாளர்கள். நான் முன்னே சொன்ன 0.1 வரம்பு, கண் தொண்டை எரிச்சலைக் கணக்கில் வைத்து வகுத்தது. அதற்குக் கீழே இருந்தால் நீண்டகாலப் புற்றுநோய் ஆபத்துக்கும் அதுவே போதிய காப்பு என்பது அந்நிறுவனத்தின் முடிவு. ஏழு வாரத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஏழு ஆண்டு அப்படியே விடக்கூடாது.

ரத்தப் பரிசோதனை வீண்செலவு. நம் உடலே ஃபார்மால்டிஹைடை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. எல்லோர் ரத்தத்திலும் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் எப்போதும் உண்டு. மூச்சில் வருவது மூக்கிலும் தொண்டையிலுமே ஈரச்சவ்வோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுவதால் ரத்தத்தில் அந்த அளவு மாறுவதில்லை. எரிச்சல் மேலே தெரிவதும் அதனால்தான். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தியும் அதுதான். டொலுயீன் போன்ற கரைப்பான்கள் அப்படியல்ல, ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஆகவே பெயிண்ட், வார்னிஷ், கரைப்பான் பசை வேலைகளில் நீங்கள் கைவைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதும் கூடாது.

மகன் விஷயம் வேறு. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். வீசிங் உள்ள மூச்சுக்குழாய் சிறு எரிச்சலுக்கே சுருங்கும். அவனை அந்த அறையிலிருந்து இன்றிரவே மாற்றுங்கள். நான்கைந்து இரவுச் சோதனை முடிந்தாலும், தச்சர் வேலை முடிந்து இருமல் நிற்கும்வரை திரும்ப வேண்டாம். அவனுடைய மருத்துவரிடம் அலமாரி வந்த தேதியையும் இருமல் தொடங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொடுத்த இன்ஹேலரை "காற்றுதான் காரணம்" என்று நிறுத்திவிடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலா இடுக்குகள் குழிந்தால், பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால் என் பதிலைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டிலும் மெத்தையும் வாங்கும் எண்ணம் இருக்கும். இப்போதே வாங்கிவிடுங்கள், கடைசி மாதம்வரை தள்ள வேண்டாம். உறையைப் பிரித்துக் காற்றோட்டமான வேறோர் அறையில் ஓரிரு மாதம் கிடக்கட்டும். தொட்டில் மெத்தைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு ஒன்றில், பழைய மெத்தைகளைவிடப் புதியவை அதிகமாக ஆவி விட்டன. உடற்சூடு பட்டால் இன்னும் கூடியது. தூங்கும் குழந்தையின் மூக்கு மெத்தைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். தொட்டில் உலோகத்தில் பவுடர் கோட்டிங் செய்ததாக இருந்தாலும் சரி, உறவினர் வீட்டில் நாலைந்து ஆண்டு புழங்கிய உறுதியான மரத்தொட்டிலாக இருந்தாலும் சரி, காற்றைப் பொறுத்தவரை கடையில் மின்னும் எம்.டி.எஃப் தொட்டிலைவிட மேல். மெத்தையை மட்டும் பழசாக வாங்காதீர்கள். பழைய ஃபோமில் தீத்தடுப்புக்கென்று சேர்த்த புரோமின் சேர்மங்கள் இருக்கக்கூடும். அவற்றில் ஒரு வகையை, எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவை காற்றில் பறந்து தீர்வதில்லை, தூசியில் இறங்கித் தங்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைப்பது இதற்குத்தான்.

கடைசியாக, அலமாரியைத் திருப்பிக் கொடுக்கலாமா? விளிம்புகளை அடைத்து, இரண்டு மாதம் காற்றாட விட்டு, பிறகு ஆய்வகக் குழாயில் அளந்து பாருங்கள். அறையைச் சாத்திவைத்து எடுத்த அளவு 0.1க்குக் கீழே வந்தால் அலமாரி இருக்கட்டும். வராவிட்டால் அந்த அறிக்கையோடு விற்றவரிடம் போய், பலகையின் வெளியேற்றச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பலகை வந்த தொகுப்பின் எண் அதில் இருக்க வேண்டும். "ஈ0 பலகை, பயமே இல்லை" என்று சொன்னால் மயங்காதீர்கள், ஐரோப்பிய நியமத்தில் அப்படியொரு வகுப்பே இல்லை. எந்தச் சோதனை முறை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.